சந்தனம் இல்லாத அட்டைக் கட்டு

போன மாதம் உங்கள் மென்பொருள் அலுவலகத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தீர்கள். பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "சார், தொகுப்பு கட்டும்போது ஓடுற டெஸ்ட் எல்லாமே பச்சையாத்தான் வந்துச்சு. அப்புறம் எப்படி சார் வெளியில போய் உடைஞ்சது?" பக்கத்தில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சந்தன வாசனைதான் வந்தது. அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்திருந்தால் எல்லோருடைய டீயும் ஆறிப்போயிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் காலம் பொற்காலம் என்று கதை விடப் போவதில்லை, பயப்பட வேண்டாம். உங்களிடம் இருக்கிற வசதியில் கால்வாசி எங்களுக்கு இருந்திருந்தால் என் தலைமுடி இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். ஆனால் நீங்கள் ஏமாறுகிற இடத்தில்தான் நாங்களும் ஏமாந்தோம். சோதனை தேறியது என்று காட்டும் பச்சை விளக்கைப் பார்த்ததும் உங்களுக்கு டீக்கடை ஞாபகம் வருகிறது. எங்களுக்கும் அப்படித்தான் வந்தது, விளக்கு மட்டும்தான் இல்லை.

எழுபதுகளில் நான் காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தின் கணக்கீட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். பெரிய பிரிவு என்று நினைத்துவிடாதீர்கள். குளிரூட்டிய ஓர் அறை, அதற்குள் கம்ப்யூட்டர், அட்டை படிக்கும் கருவி, தடதடவென்று அடிக்கும் ஓர் அச்சுக் கருவி. வெளி அறையில் நாங்கள் சில பேர். சித்திரை மாதத்தில் மற்ற பிரிவுக்காரர்கள் ஏதாவது சந்தேகம் கேட்கிற சாக்கில் உள்ளே வந்து, பதிலைக் காதில் வாங்காமல் குளிர்ச்சியை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அப்போது நிரல் என்பது கையில் எடுத்துப் பார்க்கிற பொருள். ஒரு வரிக்கு ஓர் அட்டை. எழுத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ற இடத்தில் ஓட்டை போட்டுத் தருவதற்கு ஓர் இயந்திரம், அதில் உட்கார ஓர் ஆபரேட்டர். அட்டைகளை வரிசையாக அடுக்கி ரப்பர் வளையம் போட்டால் அது ஒரு கட்டு. கட்டைக் கருவிக்குள் வைத்தால் மளமளவென்று இழுத்துப் படித்துவிடும். கட்டு கைதவறி விழுந்து சிதறினால் அன்றைக்கு வீட்டுச் சாப்பாடு கிடையாது.

எங்களிடம் இருந்த நிரல் தொகுப்புகளில் நான் மிக நெருங்கிப் பழகியது கண்மாய்த் தொகுப்பு. எங்கள் சீமையில் மழைத் தண்ணீரைக் கண்மாயில் பிடித்து வைத்துத்தான் விவசாயம். மேல் கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதன் கலுங்கு வழியாக வழிந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும். கலுங்கு என்பது கரையில் ஓரிடத்தில் வேண்டுமென்றே தாழ்வாக விட்டுக் கல்லால் கட்டிய வழி. அது எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குத்தான் கண்மாயில் தண்ணீர் நிற்கும். உயரம் குறைந்தால் தண்ணீர் வீணாகப் போகும். கூடிவிட்டால் பெருமழையில் கரை உடையும், கரைக்குக் கீழே இருக்கிற ஊர் போகும். அந்த உயரத்தைக் கணக்கிட்டுச் சொல்வதுதான் எங்கள் தொகுப்பின் வேலை. நீர்ப்பாசனப் பொறியாளர்கள் வந்து முடிவை வாங்கிப் போவார்கள்.

தொகுப்பில் எங்காவது ஒரு நிரலை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி சேர்த்துக் கட்டுவோம். அப்படிக் கட்டும்போது நடுவில் சோதனைக் கட்டு தானாகவே ஓடும். அந்தக் கட்டில் ஓர் அட்டைக்கு ஒரு சோதனை. அட்டையில் ஒரு கண்மாயின் அளவுகளும், நாங்கள் கையால் கணக்குப் போட்டு வைத்திருந்த விடையும் இருக்கும். கம்ப்யூட்டர் தானும் கணக்கிட்டு, தன் விடையை எங்கள் விடையோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் அடுத்த அட்டைக்குப் போகும். ஒத்துப்போகாவிட்டால் அச்சுக் கருவி சத்தம் போட்டுத் தப்பை அடித்துக் காட்டும், கட்டுகிற வேலையும் அங்கேயே நின்றுவிடும். இன்று தானியங்கிச் சோதனை என்று நீங்கள் பெருமையாகச் சொல்வதன் பாட்டன் அது.

ஒத்துப்போனால் எதையும் அச்சடிக்காது என்பதைக் கவனியுங்கள். அதற்குக் காரணம் காகிதம். அகலமான அந்த அச்சுக் காகிதம் வெளியூரிலிருந்து வர வேண்டும். கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எங்கள் பிரிவுத் தலைவர் நல்ல மனிதர், கெட்டிக்காரர், ஆனால் காகிதம் என்றால் உயிர். "தப்பு இருந்தா மட்டும் பேசட்டும், சரியா இருந்தா எதுக்குப் பேசணும்?" என்று அவர்தான் முடிவு செய்தார். நாங்களும் தலையாட்டினோம். அச்சுக் கருவி பேசாமல் இருந்தால் தொகுப்பு சரி என்று பழகிப்போனோம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. புதிதாகச் சேர்த்த சோதனை அட்டையைக் கட்டின் முன்னால் வைப்போம். புதிது என்றால் அங்கேதான் தப்பு வர வாய்ப்பு அதிகம், முதலிலேயே தெரிந்துவிடட்டும் என்பதற்காக.

அந்த வருடம் ஆயுத பூசை வந்தது. அலுவலகத்தைக் கழுவித் துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். கம்ப்யூட்டருக்கு, அட்டை படிக்கும் கருவிக்கு, நாற்காலிக்கு, குப்பைக் கூடைக்குக்கூட. பொரி கடலை வாங்கி வருவது வருடா வருடம் என் பொறுப்பு. நான் காதர், அக்கம்பக்கத்தில் காதர் பாய் என்றால் தெரியும். சந்தனத்தோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை, எங்கள் தர்கா கந்தூரியிலும் அதற்குத்தான் முதல் மரியாதை. தலைவர் தன் கையாலேயே ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால் இருந்த அட்டையில் சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்தார். சோதனைக் கட்டுக்கு வைக்கும்போது, "இவருக்குக் கொஞ்சம் பெருசா வைப்போம், நம்ம மானம் இவரு கையிலதான் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம், பொரி தின்றோம், கதவைப் பூட்டிக்கொண்டு போனோம். மறுநாள் விஜயதசமிக்கு யாராவது ஒருவர் மட்டும் வந்து, வழக்கப்படி கருவிகளை ஒரு முறை ஓட்டி வைத்துவிட்டுப் போவார்.

விஜயதசமி கழிந்த மறுநாள் காலையில் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. உதவிப் பொறியாளர் ஒருவர் இறங்கினார். அவரோடு வெள்ளை வேட்டியும் துண்டுமாக ஓர் ஆள். மானகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அவர் அம்பலம். ஊருக்கு முதல் மரியாதைக்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

விஷயம் இதுதான். அவர்கள் ஊர்க் கண்மாயில் இரண்டு வருடமாகக் கடைசித் தண்ணீர் போதவில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கண்மாய் வறண்டு, பயிர் நின்ற இடத்திலேயே கருகிப் போயிருந்தது. கலுங்கை ஓர் அடி உயர்த்திக் கொடுத்தால் இன்னொரு தண்ணீர் பாய்ச்சலாம் என்று ஊரே கேட்டது. கல்லும் ஆளும் தயார். உயர்த்தலாமா கூடாதா என்று எங்கள் தொகுப்பு சொல்ல வேண்டும். அதுவும் அன்றைக்கே, ஏனென்றால் கிழக்கே வானம் கறுத்திருந்தது. தண்ணீர் வந்துவிட்டால் கலுங்கில் கை வைக்க முடியாது.

"பாய், கல்லு வந்திருச்சு, சிமிண்டு வந்திருச்சு, கொத்தனாரு கலுங்குலயே குந்தியிருக்காரு," என்றார் அம்பலம். "உங்க மிசினு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

தலைவர் முந்தின வாரம்தான் தொகுப்பில் ஒரு மாற்றம் செய்திருந்தார். மேல் கண்மாயிலிருந்து வருகிற தண்ணீரைக் கணக்கில் சேர்க்கும் பகுதியை வேகமாக ஓடும்படி எழுதியிருந்தார். அதனால் தொகுப்பை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. நான்தான் கட்டினேன். சோதனைக் கட்டு உள்ளே போனது, வெளியே வந்தது. அச்சுக் கருவி பேசவில்லை. பிறகு அந்தக் கண்மாயின் அளவுகளைக் கொடுத்தேன். ஓர் அடி உயர்த்தலாம், கரை தாங்கும் என்று விடை வந்தது. அம்பலத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெண் வீட்டார் சம்மதம் சொன்ன மாதிரி இருந்தது.

விடைத் தாளில், தொகுப்பைக் கட்டியவர் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். பேனாவைத் திறந்தேன். சோதனைக் கட்டு மேசை மேல் இருந்தது. அறையில் எங்கே திரும்பினாலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருக்க, அந்தக் கட்டின் நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது.

பேனாவை மூடினேன். "சார், இந்தக் கட்டுக்கு நீங்கதான சந்தனம் வச்சீக?"

"ஆமா, பெருசா வச்சேன். அதுக்கென்ன இப்போ?" என்றார் தலைவர்.

"அது எங்க சார்?"

அவர் கட்டை வாங்கிப் பார்த்தார். "யாராச்சும் தொடச்சிருப்பாக."

"அட்டையில வச்சதத் தொடச்சாக் கறை போகுமா? இது பூசையே பாக்காத அட்டை. முன்னால இருந்தது இல்ல சார்."

தலைவருக்கு எரிச்சல் வந்தது. வராதா? வாசலில் ஜீப், பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், வெளியே மேகம். "ஒரு அட்டை இல்லைன்னா என்ன காதர்? மத்தது எல்லாம் தேறியிருக்குல்ல. அச்சுக் கருவி வாயத் தொறக்கல. கையெழுத்தப் போட்டுக் குடுங்க."

"முன்னால இருந்தது எந்த அட்டைன்னு யோசிச்சுப் பாருங்க சார். கடைசியாச் சேத்தது. மேல் கண்மாய்த் தண்ணி கீழ்க் கண்மாய்க்கு வாரத சோதிக்கிற அட்டை. நீங்க போன வாரம் மாத்தினதும் அந்த இடந்தான்."

தலைவர் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு மேலதிகாரியின் நிரலைச் சந்தேகப்படுகிறோமே என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அம்பலம். நான் தாமதப்படுத்தி, மழை முந்திக்கொண்டு, கடைசியில் நிரலில் தப்பே இல்லை என்றும் ஆகிவிட்டால், அந்த ஊர்ப் பயிர் மூன்றாவது வருடமும் என்னால் கருகும். சும்மா இருப்பவன் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். நிறுத்தி வைப்பதற்கும் விலை உண்டு, அதை வேறு யாரோ கொடுப்பார்கள்.

ஆனாலும் எனக்கு ஒன்று தெளிவாக இருந்தது. அந்தச் சோதனை தேறவில்லை, தோற்கவும் இல்லை, நடக்கவே இல்லை. நடந்து தேறினாலும் மௌனம், நடக்காமலே போனாலும் அதே மௌனம். அந்த மௌனத்தை நம்பி ஓர் ஊரின் கரைக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். முடியாது என்றேன்.

"புதுசாக் கணக்குப் போட்டு அந்த அட்டைய மறுபடி அடிக்க எவ்வளவு நேரமாகும்?" என்று பொறியாளர் கேட்டார்.

"இன்னிக்கு முடியாது சார்." கையால் போட்ட கணக்குத் தாளை, அட்டை அடித்ததும் கிழித்துப் போடும் கெட்ட பழக்கம் எங்கள் பிரிவில் இருந்தது. அதை அன்றோடு விட்டோம்.

தலைவர் மேசையைத் தட்டினார். பிறகு கேட்டார்: "விஜயதசமியன்னிக்கு மிசின ஓட்டி வச்சது வள்ளியம்மைதான? அது வீடு புதுவயல்ல எங்குட்டு இருக்கு?" அவர் மனம் மாறிய இடம் அதுதான். கோபம் இருக்கும்போதே சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்த மனிதர்.

வள்ளியம்மை எங்கள் ஆபரேட்டர். வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதாக அன்று விடுப்பில் இருந்தாள். நானும் பொறியாளரும் ஜீப்பில் ஏறினோம். விட்டால் இவர்கள் இப்படியே மறைந்துவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அம்பலமும் ஏறிப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் திட்டு. "ஒரு அட்டையாம், அதத் தேடி ஊர் ஊராப் போறோமாம். அங்க கொத்தனாரு கூலிக்குக் குந்தியிருக்காரு." புதுவயலுக்குள் நுழைந்தபோது அரிசி ஆலைகளின் களங்களில் காயப்போட்ட நெல்லை ஆட்கள் அவசர அவசரமாகக் குவித்து மூடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அம்பலம் பேச்சை நிறுத்தினார். மேகத்தை அவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

வள்ளியம்மை எங்களைக் கண்டு மிரண்டு போனாள். அட்டையைப் பற்றிக் கேட்டதும் அவளுக்கு உடனே தெரிந்தது.

"நான்தான் எடுத்தேன் சார். சந்தனம் கெட்டியா ஒட்டியிருந்துச்சு. அப்படியே உள்ள விட்டா மிசினு சிக்கிக்கிரும்னு எடுத்தேன். முன்னால ஒருக்க சிக்கினப்போ ரிப்பேருக்கு ஆளு வர எம்புட்டு நாளாச்சு? லீவு முடிஞ்சு வந்து அதப் பாத்து வேற அட்டை அடிச்சு வைக்கலாம்னு இருந்தேன்."

"அது சரி. அந்த அட்டை எங்க?"

அவள் தயங்கினாள். "பூசையில வச்சது சார். மேசையில போட மனசு வரல. கூட்டிப் பெருக்குறவுக குப்பைன்னு அள்ளிட்டாப் பாவம்ல?" என்று சொல்லி உள்ளே கையைக் காட்டினாள்.

பூசை மாடத்தில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், விளக்குக்குப் பின்னால் எங்கள் சோதனை அட்டை நின்றுகொண்டிருந்தது. சந்தனம், குங்குமம் அப்படியே. அன்று காலையில் வைத்த செம்பருத்தி ஒன்று அதன் மேல்.

எடுக்கப் போனபோது அவள் அம்மா குறுக்கே வந்து நின்றார். "சாமிக்கிட்ட வச்சத வெறுங்கையோட வந்து எடுத்துட்டுப் போவீகளா? சாமிக்கு வச்சப்புறம் இது ஆபீசு சாமானா?"

நான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அம்பலம்தான் முன்னால் வந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "ஆத்தா, எங்க ஊரு பூராவும் இந்த அட்டைக்காகத்தான் காத்துக் கெடக்கு. எடுத்துக் குடுங்க. வேல முடிஞ்சதும் நானே கொண்டாந்து இந்த இடத்துல வைக்கிறேன்." அந்த அட்டை எந்தப் பக்கம் பேசும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த அம்மா விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அட்டையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். காரைக்குடி வரும்வரை அதை அவர் மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தார்.

வள்ளியம்மையும் கூடவே வந்து, அதைப் பார்த்துப் புது அட்டை ஒன்று அடித்துக் கொடுத்தாள். பழைய அட்டையை அம்பலம் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கட்டின் முன்னால் வைத்து ஓட்டினேன். உள்ளே போன மறுகணம் அச்சுக் கருவி தடதடவென்று அடித்தது.

தலைவர் காகிதத்தைக் கிழித்து எடுத்துப் படித்தார். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. "மேல் கண்மாய்த் தண்ணி எவ்வளவுன்னு கணக்குப் போடுறதுக்கு முன்னாலேயே அதக் கீழ்க் கண்மாய்ல கூட்டுறேன். ஒன்னுமில்லாததத்தான் கூட்டியிருக்கேன்," என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரே வரிகளை மாற்றி எழுதினார். வேகமாக ஓட வைத்த பெருமையை அவர் அதற்கப்புறம் பேசியதில்லை.

மறுபடி கட்டுவதற்கு முன் நான் ஒரு வரம் கேட்டேன். எல்லாச் சோதனையும் முடிந்ததும், இத்தனை சோதனை எதிர்பார்த்தேன், இத்தனை நடந்தது என்று ஒரே ஒரு வரி அச்சடிக்கட்டும், குறைந்தால் வேலை நிற்கட்டும் என்றேன். "ஒரு வரியா?" என்று காகிதக் கட்டைப் பார்த்தார். பிறகு, "போடுங்க," என்றார். நான் ஓய்வு பெறும்வரை என் கையால் கட்டிய எந்தத் தொகுப்பும் அந்த ஒரு வரி இல்லாமல் வெளியே போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான். பச்சையாக வந்தது எத்தனை என்று பார்க்காதே, வர வேண்டியது எத்தனை என்று முதலில் கேள்.

இந்த முறை எல்லாச் சோதனையும் நடந்தது, எல்லாம் தேறியது. கண்மாயின் அளவுகளைக் கொடுத்தோம். கலுங்கை உயர்த்தக் கூடாது என்று விடை வந்தது. மேல் கண்மாய் வழிகிற வருடத்தில், இருக்கிற உயரத்துக்கே கரை தட்டுத் தடுமாறித்தான் தாங்கும். கையெழுத்துப் போட்டேன்.

அம்பலத்திடம் பொறியாளர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"காலையில ஒசத்தலாம்னு சொன்னது இதே மிசினுதான பாய்?"

"ஆமாங்கய்யா. காலையில தப்பாச் சொல்லுச்சு."

"இப்ப சொல்றது சரியின்னு அதுக்கு எப்படித் தெரியும்? எங்க கண்மாய நாங்க பொறந்ததுல இருந்து பாக்குறோம். நீக ஒரு அட்டையப் பாத்துட்டு எங்க கடைசித் தண்ணியக் கெடுத்துட்டீக." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலாம் என்று இருந்தது. மடியிலிருந்து அட்டையை எடுத்தார், மேசையில் போடவில்லை, வள்ளியம்மை கையில் கொடுத்தார். "ஆத்தாகிட்டச் சொன்ன மாதிரி வச்சிரும்மா," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறாமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தாலும் பலமான மழை. சில நாள் கழித்துப் பொறியாளர் வந்து என்னை அந்தக் கண்மாய்க்கு அழைத்துப் போனார். மேல் கண்மாய் நிரம்பி வழிந்து, கீழே கடல் மாதிரி நின்றது. கலுங்கில் தண்ணீர் இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. கரையில் ஓரிடத்தில் ஊர் ஆட்கள் நின்றிருந்தார்கள், நடுவில் அம்பலம். அங்கே தண்ணீருக்கும் கரையின் உச்சிக்கும் நடுவில் ஒரு சாண், முக்கால் அடிதான் மிச்சம் இருந்தது.

ஓர் அடி உயர்த்தியிருந்தால் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அம்பலம் என்னைப் பார்த்துவிட்டார்.

"பாத்தீகளா பாய்? இன்னும் ஒரு சாண் கெடக்கு. கலுங்குல போறது பூராவும் எங்க தண்ணி."

பொறியாளர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். உடையாத கரையைக் காட்டி, இது உடைந்திருக்கும் என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது. நம் தொழிலில் இதுதான் கசப்பு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

அந்த வருடமும் கடைசித் தண்ணீர் கொஞ்சம் போதவில்லை. மேட்டு வயல்கள் சில போயின. அம்பலத்தின் வயலும் அதில் ஒன்று. அது என் கையெழுத்தின் விலை, அதை நான் மறைக்க விரும்பவில்லை. அடுத்த கோடையில் பொறியாளர் எப்படியோ பணம் பிடித்து முதலில் கரையை உயர்த்தினார். பிறகு கலுங்கையும் உயர்த்தினார், இந்த முறை எங்கள் தொகுப்பு சம்மதம் சொன்னது. அதற்காகவும் அம்பலம் நன்றி சொல்லவில்லை. காரைக்குடிச் சந்தையில் என்னைக் கண்டால், "போன வருசத்துத் தண்ணிய எப்பத் தரப் போறீக?" என்றுதான் கேட்பார். அதுதான் எங்கள் நலம் விசாரிப்பு.

பிறகு ஒரு வைகாசியில் அவரே வீடு தேடி வந்து, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார். தலைவர், வள்ளியம்மை எல்லோரும் சேர்ந்து போனோம். பந்தி தெருவிலேயே நடந்தது. கண்மாய்க் கரைக்கு நேர் கீழே இருந்த தெரு அது, தலை நிமிர்ந்தால் கரை தெரியும். இரண்டு பக்கமும் வீடுகள், வாசல்களில் கோலம், இலைகளுக்கு நடுவே ஓடித் திரிந்த பிள்ளைகள். அம்பலம் என் தோளைப் பிடித்துச் சம்பந்தக்காரர்கள் முன்னால் நிறுத்தினார்.

"இவருதான் காதர் பாய். ஒரு அட்டையக் காட்டி எங்க ஊருத் தண்ணிய எல்லாம் கலுங்குல வெளியேத்திவிட்ட புண்ணியவான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. பாயசம் வரும்வரைக்கும் அந்தக் கதையைத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லி, என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். கேட்பதற்கு அந்தத் தெரு நிறைய ஆள் இருந்தது. நான் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டேன்.